விலைப்பட்டியலில் வென்ற பொறியாளர்

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் போதும், நம் விடுதியில் தூக்கம் போய்விடும். எத்தனை குதிரைத்திறன், எத்தனை சிலிண்டர், மணிக்கு எத்தனை மைல் என்று விடிய விடியப் பேசுவோம். அதே கூட்டத்தில் ஒருத்தன், சரிடா, அந்தக் காருக்கு விலையை எப்படிப் போடறாங்க என்று கேட்டால் அவனை ஒரு மாதிரியாகப் பார்ப்போம். விலை என்பது கணக்குப்பிள்ளை வேலை, எஞ்சினியருக்கு அதில் என்ன இருக்கிறது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு.

அந்த எண்ணத்தைப் புரட்டிப் போட்ட ஒரு மனிதரைப் பற்றித்தான் இந்த மலரில் எழுத ஆசைப்பட்டேன். அவர் பெயர் ஜோரா ஆர்கஸ்-டன்டோவ். அமெரிக்காவின் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரான ஷெவர்லே கார்வெட்டின் தந்தை என்று உலகம் அவரைக் கொண்டாடுகிறது. இத்தனைக்கும் முதல் கார்வெட்டை உருவாக்கியவர் அவர் இல்லை. கம்பெனி முதலாளியும் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் என்ற மாபெரும் நிறுவனத்தில் சம்பளம் வாங்கிய ஒரு பொறியாளர், அவ்வளவுதான். நாளைக்கு நாமும் அப்படி ஏதோ ஒரு கம்பெனியில் சம்பளம் வாங்கப் போகிறவர்கள்தானே? அதனால்தான் முதலாளிகளை விட்டுவிட்டு இவரைத் தேர்ந்தெடுத்தேன்.

ஓடி வந்த இளமை

1909ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ரஷ்ய யூதர்கள். சிறு வயது ரஷ்யாவில், இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் எனப்படும் நகரில் கழிந்தது. புரட்சி, பஞ்சம் எல்லாவற்றையும் அங்கே பார்த்தார். பெற்ற தந்தையின் பெயர் ஆர்கஸ். தாயின் இரண்டாவது துணைவர் பெயர் டன்டோவ். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டார்.

1927ல் குடும்பம் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அவர் மோட்டார் சைக்கிளில் பறந்த வேகத்தைப் பார்த்துப் பெற்றோர் பயந்துபோய், அதை விற்றுவிட்டு ஒரு கார் வாங்கிக்கொள் என்றார்களாம். பையனும் சொன்ன பேச்சைத் தட்டாமல் கார் வாங்கினான். என்ன கார் தெரியுமா? முன் சக்கரத்தில் பிரேக்கே இல்லாத ஒரு பந்தயக் கார்!

1934ல் பெர்லின் சார்லட்டன்பர்க் தொழில்நுட்பக் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஹிட்லரின் ஆட்சியில் ஒரு யூதருக்கு அங்கே எதிர்காலம் ஏது? பாரிஸுக்கு வந்தார். 1939ல் எல்ஃபி என்ற நடனக் கலைஞரை மணந்தார். போர் மூண்டதும் பிரெஞ்சு விமானப் படையில் சேர்ந்தார். பிரான்ஸ் வீழ்ந்தபோது எல்ஃபி தன்னந்தனியாக ஒரு சின்ன எம்.ஜி. காரை ஓட்டிக்கொண்டு ஜெர்மன் படைக்கு முன்னால் பாரிஸிலிருந்து போர்டோ வரை வந்து கணவரோடு சேர்ந்தார். பிறகு ஸ்பெயின், போர்ச்சுகல் வழியாகக் கப்பலேறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள்.

நியூயார்க்கில் தம்பி யூராவோடு சேர்ந்து ஒரு தொழிற்கூடம் வைத்தார். ஆர்கஸ், டன்டோவ் இரண்டு பெயரிலும் முதல் எழுத்துகளை எடுத்து ஆர்டன் என்று பெயர். போர்க்காலத்தில் ராணுவத்துக்கான உதிரி பாகங்கள். போர் முடிந்ததும் ஃபோர்டு வி-8 எஞ்சினுக்கு அலுமினிய சிலிண்டர் ஹெட். சாதாரண எஞ்சினோடு மேலும் கொஞ்சம் பணம் போட்டுப் பொருத்தினால் திறன் நன்றாகக் கூடும். பின்னாளில் அவர் செய்யப்போவதற்கு இதுவே ஒத்திகை என்று எனக்குத் தோன்றுகிறது. தொழிற்கூடம் நிலைக்கவில்லை. இங்கிலாந்தில் ஆலார்டு கம்பெனியில் சில காலம் வேலை பார்த்தார்.

ஒரு கண்காட்சி, ஒரு கடிதம்

1953 ஜனவரி. நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் ஜெனரல் மோட்டார்ஸின் கண்காட்சி. அங்கே கண்ணாடி இழை உடலோடு ஒரு வெள்ளைக் காரைப் பார்த்தார் டன்டோவ். அதுதான் கார்வெட். இவ்வளவு அழகான காரை வாழ்நாளில் கண்டதில்லை என்று மயங்கிப்போனார். ஆனால் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே பழைய ஆறு சிலிண்டர் எஞ்சின், இரண்டே வேக ஆட்டோமேட்டிக் கியர். ஆளைப் பார்த்தால் பயில்வான், அடித்தால் விழுந்துவிடுவான் என்ற கதை.

சும்மா குறை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை அவர். ஷெவர்லேயின் தலைமைப் பொறியாளர் எட் கோலுக்கு ஒரு கடிதம் எழுதினார். கூடவே, ஒரு காரின் உச்ச வேகத்தைக் கணக்கிட்டே அறிவது எப்படி என்று தாம் எழுதிய ஆய்வுக் கட்டுரையையும் வைத்து அனுப்பினார். வேலை கிடைத்தது. 1953 மே முதல் தேதி சேர்ந்தார். அப்போது வயது 43. வேலைக்குச் சேர்ந்த பிறகும் பந்தயத்தை விடவில்லை. 1954, 1955 இரண்டு ஆண்டும் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷே காரை ஓட்டி அதன் பிரிவில் வெற்றி பெற்றார்.

விருப்பம் என்ற பெயரில் கட்டாயம்

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அமெரிக்காவில் கார் விலை எழுதும் முறையைச் சொல்லிவிடுகிறேன். காருக்கு ஓர் அடிப்படை விலை. அதற்குக் கீழே ஒரு நீண்ட பட்டியல். ஒவ்வொரு வரியிலும் ஒரு குறியீட்டு எண், ஒரு பொருள், ஒரு விலை. ரேடியோ வேண்டுமா, டிக் போடு. நான்கு வேக கியர் வேண்டுமா, டிக் போடு. இவைதான் ஆப்ஷன்கள். டிக் போட்டதெல்லாம் தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும். விற்பனையாளர் கடையில் மாட்டும் அலங்காரம் அல்ல.

1953ல் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் 300 கார்வெட்டுகள் செய்தார்கள். எல்லாம் வெள்ளை நிறம். விலை 3,498 டாலர். அதே ஷெவர்லேயின் குடும்பக் கார் 2,000 டாலருக்குள் கிடைத்த காலம் அது. ஆப்ஷன் பட்டியலில் இரண்டே வரி: ஹீட்டர் 91.40 டாலர், ரேடியோ 145.15 டாலர். வேடிக்கை என்னவென்றால் 300 காரிலும் இரண்டும் பொருத்தியே வந்தன. வேண்டாம் என்று சொல்ல வழியில்லை!

1954ல் அடிப்படை விலையை 2,774 டாலராகக் குறைத்துக் காட்டினார்கள். அடடா, 700 டாலருக்கு மேல் குறைந்துவிட்டதே என்று பட்டியலைப் பார்த்தால், ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி ஆப்ஷன், 178.35 டாலர். வேறு கியர் பெட்டியே அந்தக் காருக்குக் கிடையாது. திரும்பும்போது போடும் சிக்னல் விளக்குகூட ஆப்ஷன், 16.75 டாலர். சாப்பாடு இவ்வளவுதான் என்று போர்டு வைத்துவிட்டு, உட்கார்ந்த பிறகு இலைக்குத் தனி, தண்ணிக்குத் தனி என்று கணக்குப் போட்டால் எப்படி இருக்கும்?

ஜனங்கள் ஏமாறவில்லை. அந்த ஆண்டு செய்த 3,640 கார்களில் ஆயிரத்துக்கும் மேல் விற்காமல் நின்றன. 1955ல் உற்பத்தி வெறும் 700. அதே ஆண்டு ஃபோர்டின் தண்டர்பேர்டு 16,000க்கும் மேல் விற்றது. கார்வெட்டை மூடிவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு அடிபட்டது.

இரண்டு அலுவலகக் குறிப்புகள்

டன்டோவ் அப்போது கடைநிலைக்குச் சற்று மேலே இருந்த ஓர் உதவிப் பொறியாளர். மேலிடத்தில் பேச அவருக்கு நாற்காலி இல்லை. ஆனால் கையில் பேனா இருந்தது.

முதல் குறிப்பை 1953 டிசம்பரிலேயே எழுதியிருந்தார். இளைஞர்கள் கையில் கிடைக்கும் பத்திரிகைகள் முழுக்க ஃபோர்டு எஞ்சினைப் பற்றியே இருக்கின்றன. ஃபோர்டில் ஆரம்பித்தவன் ஃபோர்டிலேயே வளர்வான். அவனை நம் பக்கம் இழுக்க வேண்டுமானால் கேம் ஷாஃப்ட், வால்வு, ஸ்பிரிங், பிஸ்டன் போன்ற பந்தயத் தரப் பாகங்களை நாமே செய்து, சோதித்து, விற்பனைக்கு வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆப்ஷன் பட்டியலை ஏமாற்றுக் கணக்காகப் பயன்படுத்திக்கொண்டிருந்த கம்பெனிக்கு, அதை எஞ்சினியரிங் கருவியாக மாற்றலாம் என்று காட்டியவர் அவர்.

இரண்டாவது குறிப்பு 1954 அக்டோபரில். ஃபோர்டு களத்தில் இறங்கும் நேரத்தில் நாம் கடையைக் கட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று வாதாடினார். வி-8 எஞ்சின் வந்தது. கார் பிழைத்தது.

1956ன் தொடக்கத்தில் ஃபுளோரிடாவின் டேடோனா கடற்கரை மணலில் டன்டோவே கார்வெட்டை மணிக்கு 150 மைலுக்கு மேல், அதாவது சுமார் 242 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக் காட்டினார். அந்த எஞ்சினில் இருந்தது அவரே வடிவமைத்த கேம் ஷாஃப்ட். அது அப்படியே ஆப்ஷன் பட்டியலில் ஏறியது, 188.30 டாலர். அதே ஆண்டு சோதனை ஓட்டத்தில் விபத்து, முதுகெலும்பு முறிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடி ஸ்டீயரிங்கைப் பிடித்தார்.

1957ல் ப்யூயல் இன்ஜெக்‌ஷன். ஜான் டோல்ஸா என்ற பொறியாளரோடு சேர்ந்து உருவாக்கியது. 283 கன அங்குல எஞ்சினில் 283 குதிரைத்திறன். அடிப்படை விலை 3,176.32 டாலர், இன்ஜெக்‌ஷன் 484.20 டாலர். 6,339 பேர் கார் வாங்கினார்கள், 1,040 பேர் இன்ஜெக்‌ஷனுக்கு டிக் போட்டார்கள். மற்றவர்கள் கார்புரேட்டரே போதும் என்றார்கள். ஒருவர் கேட்காததற்கு அவர் தலையில் பணம் கட்டவில்லை. கேட்டவருக்கு இல்லையென்றும் சொல்லவில்லை. 1954க்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

தடை வந்தது, பட்டியல் நின்றது

1957 ஜூனில் இடி விழுந்தது. அமெரிக்கக் கார் கம்பெனிகள் ஒன்றுகூடி, இனி நாங்கள் பந்தயங்களில் நேரடியாக ஈடுபட மாட்டோம் என்று தீர்மானம் போட்டன. டன்டோவ் ஆசையாகச் செய்த கார்வெட் எஸ்.எஸ். பந்தயக் கார் அதோடு மூலைக்குப் போனது.

ஆனால் பந்தயம் நடத்தக் கூடாது என்றுதானே தீர்மானம்? வாடிக்கையாளர் கேட்கிற பொருளை விற்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! 1957 பட்டியலிலேயே பந்தய சஸ்பென்ஷன் ஒரு வரியாக இருந்தது. கெட்டியான ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், சூடு தாங்கும் பிரேக் லைனிங், பிரேக்குக்குக் காற்று செல்லும் குழாய் எல்லாம் சேர்த்து 780.10 டாலர். 51 பேர் வாங்கினார்கள். 51 என்பது சின்ன எண்தான். ஆனால் அந்த 51 பேரும் ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்குப் போனால் கம்பெனி என்ன செய்ய முடியும்?

1963ல் ஸ்டிங் ரே வந்தது. பின் சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். டன்டோவின் பல நாள் கனவு. கூப்பே விலை 4,257 டாலர். பட்டியலில் தோல் இருக்கை 80.70, பவர் ஸ்டீயரிங் 75.35, ஏர் கண்டிஷன் 421.80 என்று சொகுசு வரிகளுக்கு நடுவே ஒரு வரி: இசட்-06, 1,818.45 டாலர். காரின் விலையில் ஐந்தில் இரண்டு பங்கு! பெரிய பிரேக், கெட்டியான சஸ்பென்ஷன், நீண்ட தூரப் பந்தயத்துக்காக 36.5 காலன், அதாவது சுமார் 138 லிட்டர் பெட்ரோல் டேங்க். வெறுமனே டிக் போட்டால் கிடைக்காது. இன்ஜெக்‌ஷன் எஞ்சின், நான்கு வேக கியர் இவற்றையும் சேர்த்தே வாங்க வேண்டும். பிறகு டேங்கைத் தனி ஆப்ஷனாகப் பிரித்து, இசட்-06ஐ 1,293.95 டாலருக்கு இறக்கினார்கள். மொத்தம் 199 கார்கள். குறும்பயணப் பந்தயக்காரனுக்கு எதற்கு 138 லிட்டர்? தேவையில்லாததைப் பிரித்துக் கழித்ததும் விலைக்கணிப்புதான்.

அந்த ஆண்டு 21,513 கார்வெட்டுகள் தயாராயின. 700 எங்கே, 21,513 எங்கே!

வெற்றி எல்லா நேரமும் கிடைத்ததா என்றால், இல்லை. பட்டியலுக்கு வெளியே, கிராண்ட் ஸ்போர்ட் என்ற எடை குறைந்த பந்தயக் காரை 125 செய்வதற்குத் திட்டம் போட்டார். ஐந்து செய்ததும் மேலிடத்துக்குத் தெரிந்து நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். தனிக் காராகச் செய்தது நின்றது. பட்டியலில் வரியாக வைத்தது பிழைத்தது.

1965ல் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் எல்லாக் காரிலும் வந்தது. பழைய டிரம் பிரேக்கே போதும் என்றவருக்கு 64.50 டாலர் கழிவு. 316 பேர் கழித்து வாங்கினார்கள். அதே ஆண்டு அவருடைய செல்லப் பிள்ளையான இன்ஜெக்‌ஷனுக்கு 538 டாலர். புதிதாக வந்த 425 குதிரைத்திறன் பெரிய எஞ்சினுக்கு 292.70 டாலர்தான். கூடுதல் திறன், குறைந்த விலை. முடிவைச் சொல்ல வேண்டுமா? அந்த ஆண்டோடு இன்ஜெக்‌ஷன் பட்டியலிலிருந்து மறைந்தது. விலைப்பட்டியல் எல்லோருக்கும் ஒரே நீதிதான் சொல்லும், செய்தவருக்கும் சேர்த்து.

ஒரு புதிர்

1967 பட்டியலில் ஒரு புதிர் இருக்கிறது. நம் வகுப்பில் கேள்வியாகக் கொடுக்கலாம். 435 குதிரைத்திறன் எஞ்சின் 437.10 டாலர். எல்-88 என்ற எஞ்சின் 430 குதிரைத்திறன், விலை 947.90 டாலர். ஐந்து குதிரை குறைவு, விலை இரண்டு மடங்குக்கும் மேல்! யார் வாங்குவான்?

விஷயம் தெரிந்தவன் வாங்குவான். எல்-88ன் உண்மைத் திறன் 500க்கும் மேல். அழுத்த விகிதம் 12.5க்கு 1. அதற்கு 103 ஆக்டேன் பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும் என்று காரிலேயே எச்சரிக்கை ஒட்டியிருந்தார்கள். தெருவில் ஓட்டுகிற பையன்கள் எண்ணைப் பார்த்து 435 பக்கம் போகட்டும், பந்தயக்காரர்கள் மட்டும் இதற்கு வரட்டும் என்பதற்காகவே எண்ணைக் குறைத்துப் போட்டார்கள். இதை டிக் செய்தால் ரேடியோவும் ஹீட்டரும் கிடையாது. 1953ல் வேண்டாமென்றாலும் கட்டாயமாகத் தலையில் கட்டிய அதே இரண்டு பொருள், 1967ல் கேட்டாலும் கிடைக்காது!

கட்டாயச் சேர்க்கைகள் எல்லாம் சேர்த்தும் கார் சுமார் ஆறாயிரம் டாலருக்கு வந்தது. 1967ல் விற்றது 20 மட்டுமே. 2014 ஜனவரியில் அதில் ஒரு கார் ஏலத்தில் 38 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போனது. திறனைக் குறைத்துச் சொன்னது சரியா என்று கேட்டால், நான் முழுசாகச் சரி என்று சொல்ல மாட்டேன். ஒரு பட்டியலில் எண் என்றால் அது உண்மையாக இருக்க வேண்டும். ஆனால் 1954ல் மறைத்தது வாங்குகிறவனின் பையில் கை வைக்க. 1967ல் மறைத்தது அவன் உயிரைக் காக்க. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க எனக்கு மனசு வரவில்லை.

1969ல் எஞ்சின் முழுவதும் அலுமினியத்தில் இசட்.எல்-1 வந்தது. ஆப்ஷன் விலை 4,718.35 டாலர், கூப்பே விலை 4,781 டாலர். எஞ்சினுக்கு டிக் போட்டால் இன்னொரு கார் வாங்கிய மாதிரி. இரண்டே கார் விற்றது.

கைக்கு எட்டாதது

டன்டோவுக்கு வாழ்நாள் ஆசை ஒன்று இருந்தது. எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால், காரின் நடுவில் வைக்க வேண்டும். எடை பின் சக்கரத்தில் அழுந்தும், பிடிப்பு கூடும், மூக்கு லேசாகும். 1960லும் 1964லும் சோதனைக் கார்கள் செய்து காட்டினார். நிர்வாகம் தலையை ஆட்டவில்லை. புதிய கியர் அமைப்புக்கே பெரும் செலவு. 1969ல் 38,762 கார்வெட் செய்த கம்பெனிக்கு, ஓடுகிற குதிரையை ஏன் மாற்ற வேண்டும் என்ற கேள்வி. எந்த விலைக் கணக்கை வைத்து அவர் ஜெயித்தாரோ, அதே கணக்கு இங்கே அவரைத் தோற்கடித்தது. எஞ்சினின் இடத்தை ஒரு ஆப்ஷன் வரியாக எழுத முடியாதே!

1975ல் ஓய்வு பெற்றார். 1996 ஏப்ரல் 21ஆம் தேதி, 86ஆம் வயதில் காலமானார். கென்டக்கி மாநிலம் பௌலிங் கிரீனில் உள்ள கார்வெட் அருங்காட்சியகத்தில் அவருடைய அஸ்தி வைக்கப்பட்டிருக்கிறது. 2008ல் எல்ஃபியும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்.

2019 ஜூலை 18ஆம் தேதி, நடுவில் எஞ்சின் வைத்த கார்வெட்டை ஷெவர்லே அறிமுகம் செய்தது. தொடக்க விலை 59,995 டாலர். அவர் மறைந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. இசட்-06 என்ற அந்தப் பழைய ஆப்ஷன் எண், 2001 முதல் தனி மாடலின் பெயராகவே ஆகிவிட்டது.

நமக்கு என்ன?

நண்பர்களே, படிப்பு முடிந்து நாம் வேலைக்குப் போகும் இடத்தில் நமக்கு உடனே பெரிய நாற்காலி கிடைக்காது. நம் யோசனையை யார் கேட்பார்கள் என்று சோர்ந்து உட்கார்ந்துவிட வேண்டாம். டன்டோவ் யோசனையை வெறும் யோசனையாகக் கொண்டுபோகவில்லை. இது பொருள், இது எண், இது விலை, இத்தனை பேர் வாங்குவார்கள் என்று ஒரு வரியாக எழுதிக்கொண்டு போனார். அப்படி எழுத முடிந்ததெல்லாம் சாலைக்கு வந்தது. எழுத முடியாதது அவர் காலத்தில் வரவில்லை.

அதனால் காஸ்டிங் வகுப்பில் தூங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இனி எந்த வண்டியின் விலைப்பட்டியல் கைக்கு வந்தாலும் கடைசி வரி வரை படியுங்கள். எது உண்மையான விருப்பம், எது விருப்பம் என்ற பெயரில் கட்டாயம் என்று பிரித்துப் பாருங்கள். நாளைக்கு அந்தப் பட்டியலை எழுதுகிற இடத்தில் நம்மில் ஒருவர் இருக்கலாம். அப்போது 1954ஐ எழுதாமல் 1957ஐ எழுதுவோம்.